பக்கத்துக் கன்னம்

— குறிச்சுக்கோ சுண்ணாம்பு. மனித குலம் என்னைக்கு முகம் கழுவுறதுக்குன்னு தனியா ஒரு சோப்பு கண்டுபிடிச்சுதோ, அன்னைக்கே அதோட வீழ்ச்சி ஆரம்பிச்சிடுச்சு. நான் விளையாட்டுக்குச் சொல்லலை.

— ம். தாடையை எவ்வளவு தூக்கணும்?

— கொஞ்சம். அவ்வளவு இல்ல, பாஸ்போர்ட் சைஸ்ல உன் மூக்குத் துவாரத்தை யாரும் கேட்கலை. ஆதிமனிதனை எடுத்துக்கோ. குகையில இருந்தான், புலியை அடிச்சான். அவன்கிட்ட ஃபேஸ்வாஷ் இருந்துச்சா?

— போட்டோவும் இல்லையே, தலைவரே.

— சுவத்துல வரைஞ்சு வச்சிருக்கானே. ஒரு படத்துலயாவது பரு இருக்கா?

— இல்ல. முகமே இல்ல. குச்சிக் கை, குச்சிக் கால்தான்.

— அதுதான் நான் சொல்ல வர்றது. அவனுக்கு முகம் ஒரு விஷயமே இல்ல. காலையில ஒரு கை தண்ணி அள்ளி அடிச்சான், வேட்டைக்குப் போயிட்டான். ஆம்பளைக்கு அலங்காரம் அங்க முடிஞ்சுது. உன்னை மாதிரியா? எழுந்ததும் ஒரு நுரை. அது காய்ஞ்சதும் ஒரு க்ரீம். அதுக்கு மேல வெயில் படக் கூடாதுன்னு ஒரு பூச்சு. ராத்திரிக்கு ஒரு மருந்து. வீடு கட்டுறவங்களே ரெண்டு கோட்டிங்தான்டா அடிக்கிறாங்க.

— அதனாலதான் எனக்குச் சுண்ணாம்புன்னு பேர் வச்ச.

— வச்சேன். மொத்தப் பள்ளிக்கூடமும் ஏத்துக்கிச்சு. ஒரு பேர் நிலைக்கணும்னா அதுல உண்மை இருக்கணும். தோளை நேரா வை. அசையாத, ஃபிளாஷ் அடிக்கும்.

— முகத்துல ஏன் கைக்குட்டை கட்டியிருக்க?

— தூசு. ஸ்டூடியோன்னா தூசு. நுரையீரலுக்கு ஆகாது.

— உங்கப்பா இத்தனை வருஷமா இதே ஸ்டூடியோவுலதான் இருக்காரு. அவர் கட்டிப் பார்த்ததில்லையே.

— அவருடையது பழைய காலத்து நுரையீரல். அந்தத் தரம் இப்ப வர்றதில்ல. பார், கண்ணை மூடிட்ட. இன்னொண்ணு எடுக்கணும்.

— கொள்ளையடிக்க வந்தவன் எனக்குப் போட்டோ எடுக்கிற மாதிரி இருக்கு. அதான் மூடுது. இன்னைக்கு ஏன் ஸ்கூலுக்கு வரலை?

— ஜுரம்.

— ஜுரத்துக்கு எதுக்குக் கைக்குட்டை?

— உனக்குத் தொத்திடக் கூடாதுன்னு. பொதுநலம்.

— இப்பதான் தூசுன்ன.

— உள்ள வர்றது தூசு, வெளியில போறது ஜுரம். ஒரே துணி ரெண்டு வேலை பார்க்குது. பேசாம உட்காரு. ஒண்ணு. ரெண்டு. ம், முடிஞ்சுது. இறங்கு. அந்தக் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிடு, அது ஊருக்கே பொது.

— உங்கப்பா எங்க?

— யாரோ போன் பண்ணாங்க. கேமராவைக் கூட எடுக்காம கிளம்பிட்டாரு. எங்கேன்னு சொல்லலை.

— ம்.

— என்ன ம்? சரி, எதுக்கு உனக்குத் திடீர்னு பாஸ்போர்ட் சைஸ்?

— சொல்றேன். முதல்ல இதைக் கம்ப்யூட்டர்ல போடு. பெருசாக்கு.

— முழு முகமுமா?

— இடது கன்னம் மட்டும்.

— சொந்த அழகை ரசிக்கக் கட்டணம் கட்டி வர்ற முதல் ஆள் நீதான். இந்தா, வந்துடுச்சு. அடேங்கப்பா. கன்னமா இது? தண்ணி தெளிச்சு வச்ச மைதானம். ஒரு பரு இல்ல. இப்படி ஒரு முகத்தை வச்சுக்கிட்டு நாலு பேர் நடுவுல நடக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?

— மச்சம் தெரியுதா?

— தெரியுது. காதுக்கும் வாய்க்கும் நடுவுல.

— அதுக்குக் கீழ?

— பிறை மாதிரி ஒரு தழும்பு.

— சைக்கிள்ல விழுந்தது. நீதான் பின்னாடி உட்கார்ந்திருந்த.

— நான் விழலையே. அதுக்கு முன்னாடியே குதிச்சுட்டேன். தலைமைப் பொறுப்புல இருக்கிறவங்க கடைசி நேரத்துல மக்களோட சேர்ந்து விழ மாட்டாங்க.

— ம். இப்ப இதைப் பாரு. இன்னைக்கு கிளாஸ்ல குடுத்தாங்க.

— க்ரூப் போட்டோவா? அதுக்குள்ள குடுத்துட்டாங்களா? அடுத்த வாரம்னுதானே சொன்னாங்க. குடு, குடு. அட, பிரிண்ட் பிரமாதமா வந்திருக்கு. நான் எங்க? இதோ, கடைசி வரிசை, உன் பக்கத்துல. சுண்ணாம்பு, நான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினதுக்குச் சாட்சியை நீயே பையில போட்டுக் கொண்டுவந்திருக்க. இந்த முகத்தைப் பார். தண்ணி. வெறும் தண்ணி.

— மத்தவங்களையும் பாரு.

— பார்க்கிறேன். நாம ஒட்டகம்னு கூப்பிடுறவனுக்கு நெத்தி பூரா பரு. கிளாஸ் லீடர் அக்காவுக்கு மூக்கு நுனியில ஒண்ணு, அதுவும் சிவப்பா. பாவம், விளக்கு வச்ச மாதிரி இருக்கு.

— உனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல.

— வெளிச்சம்டா. நான் நின்ன இடத்துல வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு.

— நான் உன்னை ஒட்டித்தான் நின்னேன். என் தாடையில அன்னைக்கு ஒண்ணு இருந்துச்சு. இதுலயும் இருக்கு பாரு.

— வெளிச்சம் ஆள் பார்த்துத்தான் விழும். உலகம் அப்படித்தான்.

— சரி. உன் இடது கன்னத்துல என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்லேன்னுதானே இவ்வளவு நேரம் சொல்லிட்டிருக்கேன்.

— உங்கப்பாவோட பூதக்கண்ணாடி இந்தா. வச்சுப் பாரு.

— எதுக்குடா இதெல்லாம்.

— பாரு.

— …

— என்ன இருக்கு?

— மச்சம்.

— உனக்கு மச்சம் உண்டா?

— இந்த வயசுல வரும். உடம்பு வளருது, மச்சமும் வளரும். விஞ்ஞானம்.

— அதுக்குக் கீழ?

— …

— கீழ என்ன இருக்கு, தலைவரே?

— பிறை மாதிரி ஒரு தழும்பு.

— நீதான் குதிச்சுட்டியே.

— பிரிண்ட் மெஷின்ல மை ஒட்டியிருக்கும். சில சமயம் அப்படி ஆகும்.

— மெஷின் என் கன்னத்துலேர்ந்து மச்சத்தையும் தழும்பையும் ஒண்ணா எடுத்து, அதே தூரத்துல, உன் கன்னத்துல வச்சுச்சா?

— கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வர்றேன், இரு.

— வேண்டாம். யாரும் வரலை. நீ சொல்றியா, நானே சொல்லட்டுமா?

— …

— சரி, நானே…

— நான்தான்டா. போதுமா? அப்பா டீ குடிக்கப் போயிருந்தாரு. மறுநாள் பிரிண்ட். அப்பா எடுத்த க்ரூப் போட்டோவை இந்தக் கம்ப்யூட்டர்ல சும்மாதான் திறந்தேன். நான் எப்படி விழுந்திருக்கேன்னு பார்க்கலாம்னு. இந்தத் திரை எவ்வளவு பெருசு பார்த்தியா? உன் மூஞ்சி இதுல முழுசா வந்தா நீ மைதானம். என் மூஞ்சி வந்தா…

— ம்.

— ரெண்டு மூணை மட்டும் எடுக்கலாம்னு ஆரம்பிச்சேன். பக்கத்துல இருக்கிற நல்ல தோலைக் கொஞ்சம் எடுத்து, பரு மேல ஒட்டணும். அவ்வளவுதான் வேலை. தினமும் வர்றவங்களுக்கு அப்பாவே பண்ணுவாரு. ஆனா ஒண்ணை எடுத்தா அடுத்தது பெருசா தெரியுது. அதை எடுத்தா அதுக்கு அடுத்தது. கடைசியில பார்த்தா, ஒட்டுறதுக்கு நல்ல தோல் என் முகத்துல எங்கேயும் இல்லடா.

— நல்லாத் தேடினியா?

— தேடினேன். நெத்தியில இல்ல, தாடையில இல்ல. கழுத்து வேற நிறம். அப்ப பக்கத்துல பார்த்தேன். நீ நின்னுட்டிருந்த.

— மச்சத்தைப் பார்க்கலையா?

— கன்னத்தை மொத்தமா எடுத்து ஒட்டினேன். ஓரத்தைச் சரி பண்ணிட்டிருக்கேன், வாசல்ல அப்பா செருப்பு சத்தம். அப்படியே சேவ் பண்ணிட்டு, தரையைக் கூட்டுற மாதிரி நின்னேன்.

— நீ கூட்டினியா? அதுலயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

— அப்பாவுக்கு இதுல ஒரு சட்டம் இருக்கு. தனி ஆள் படத்துல, அடுத்த மாசம் தானாப் போயிடுற எதையும் கேட்டா எடுத்துடுவாரு. பரு, கொசுக்கடி அந்த மாதிரி. மச்சம், தழும்பு, கூடவே வர்ற எதையும் தொட மாட்டாரு. க்ரூப் போட்டோன்னா எதையுமே தொட மாட்டாரு. ஒருத்தனைத் தொட்டா எல்லாரையும் தொடணும், இல்லேன்னா பக்கத்துல நிக்கிறவன் முகம் கெட்டுப்போன மாதிரி ஆயிடும்பாரு. நான் மொத்தச் சட்டத்தையும் ஒரே டீ நேரத்துல முடிச்சிட்டேன்.

— ஒட்டகம்தான் முதல்ல கண்டுபிடிச்சான்.

— அவனா? அவனுக்குக் கரும்பலகையே தெரியாதேடா.

— அவன் என் பக்கத்துல உட்கார்ந்திருந்தான். போட்டோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி போட்டோவைப் பார்த்தான். உன் மச்சம் ரெண்டு இடத்துல நிக்குதுடான்னான். அவ்வளவுதான், எல்லாரும் பெஞ்சைத் தாண்டி வந்துட்டாங்க.

— சிரிச்சாங்களா?

— சிரிச்சாங்க.

— என்ன சொன்னாங்க?

— விடு.

— சொல்லுடா. எப்படியும் நாளைக்குக் கேட்கப் போறேன்.

— சுண்ணாம்பு அடிக்கும்போது கொஞ்சம் பக்கத்து வீட்டுச் சுவத்துலயும் பட்டுடுச்சுன்னு.

— …நல்லாத்தான் இருக்கு.

— ம். நீ அங்க இருந்து, மாட்டினது வேற யாராவதா இருந்தா, அதை நீதான் முதல்ல சொல்லியிருப்ப.

— ஆமா.

— எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க. உன் கன்னத்தைத் திருடிட்டானே, உனக்குக் கோவம் வரலையான்னு. வருஷம் முழுக்க அதே கன்னத்தைப் பார்த்துச் சிரிச்சவங்கதான் கேட்கிறாங்க. நான் என்ன சொல்றது? போட்டோதானேன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன்.

— மிஸ்?

— எல்லாப் போட்டோவையும் திரும்ப வாங்கிட்டாங்க. இது ஒண்ணுதான் என் புத்தகத்துக்குள்ள இருந்துச்சு. மத்ததெல்லாம் ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போச்சு. சாயங்காலம் கிளாஸ் சாவியைக் குடுக்கப் போனேன். அங்க உங்கப்பா நின்னுட்டிருந்தாரு.

— எங்க?

— ஹெட்மாஸ்டர் மேஜைக்கு முன்னாடி.

— நின்னுட்டா? உட்காரச் சொல்லலையா?

— நாற்காலி இருந்துச்சு. அவர் உட்காரலை.

— அந்த போன்.

— ம். அதுதான். ஹெட்மாஸ்டர் கேட்டாரு, இத்தனை வருஷமா உங்களைத்தானே கூப்பிடுறோம், பசங்க முகத்தை மாத்தி ஒட்டுற அளவுக்கா வேலையில அலட்சியம்னு. அடுத்த வருஷம் வேற ஆளைப் பார்க்கலாமான்னு மிஸ்கிட்ட கேட்டாரு, உங்கப்பா முன்னாடியே.

— அப்பா என்ன சொன்னாரு?

— கண்ணு முன்ன மாதிரி இல்ல சார், கை தவறிடுச்சு, என் தப்புதான், மன்னிக்கணும்னாரு.

— அப்படியா சொன்னாரு?

— ஹெட்மாஸ்டருக்குச் சரியாக் கேட்கலை. அதனால இன்னொரு தடவையும் சொன்னாரு.

— …

— அழுறியா?

— இல்ல. தூசு. அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்டா. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நடந்து போனா, சட்டையில ஒரு பட்டன் மாத்திப் போட்டிருக்காருன்னு சொல்லுவாரு. கண்ணை வச்சுத்தான்டா அவர் பொழப்பு. அதைப் போய் அந்த ஆள்கிட்ட…

— தெரியும். அதனாலதான் நேரா இங்க வந்தேன். பாஸ்போர்ட் சைஸ் எனக்கு வேண்டாம். சும்மா கேட்டா நீ பேசியே என்னை அனுப்பிடுவ. அதான் என் கன்னத்தை முதல்ல எடுக்க வச்சேன்.

— நீ வக்கீலாப் போகலாம்.

— உங்கப்பா அங்க, ஒரிஜினல் இருக்கு, சரி பண்ணி வேற பிரிண்ட் போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டு வர்றாரு.

— இல்ல.

— என்ன இல்ல?

— ஒரிஜினல் இல்ல. நான் அதுமேலயே சேவ் பண்ணிட்டேன். கேமரா கார்டையும் அடுத்த வேலைக்காகத் துடைச்சாச்சு. என் பழைய முகம் இப்ப எங்கேயும் இல்லடா. நான் இவ்வளவு நாளா ஆசைப்பட்டது அப்படியே நடந்திருக்கு.

— அப்ப மறுபடி எடுக்கணும். மொத்த கிளாஸையும் மறுபடி நிக்க வச்சு.

— எப்ப?

— திங்கக்கிழமைக்குள்ள குடுத்தாகணுமாம். நீயும் வரணும்.

— நான் நிக்க மாட்டேன்.

— நீ இல்லேன்னா யார் பண்ணதுன்னு ஹெட்மாஸ்டருக்கும் தெரிஞ்சுபோயிடும்.

— தெரியட்டும். நான் வர மாட்டேன்.

— கைக்குட்டையைக் கழட்டு.

— ஜுரம்டா.

— கழட்டு.

— சிரிக்கக் கூடாது.

— நான் என்னைக்குடா சிரிச்சிருக்கேன்?

— இந்தா, கழட்டிட்டேன்.

— ஐயோ. என்னடா பண்ணி வச்சிருக்க?

— சத்தம் போடாத. எவ்வளவு மோசம்? எனக்குத் தெரியாது, காலையிலேர்ந்து கண்ணாடி பக்கமே போகலை.

— தோல் உரிஞ்சிருக்கு. கன்னம் ரெண்டும் பொரிஞ்ச மாதிரி சிவந்திருக்கு. என்ன போட்ட?

— எலுமிச்சம்பழம்.

— அப்புறம்?

— டூத்பேஸ்ட். ராத்திரி தடவிட்டுப் படுத்தா காலையில அமுங்கிடும்னு எங்கேயோ பார்த்தேன்.

— அப்புறம்?

— சமையல் சோடா.

— இன்னும் இருக்கா?

— பாத்திரம் தேய்க்கிற நார்.

— நாராலயா? முகத்துலயா?

— அடிப்பிடிச்ச சட்டியே பளபளன்னு ஆகுதேடா.

— வெறும் தண்ணின்னு ஊருக்கெல்லாம் சொன்னியே.

— தண்ணியிலதான் கழுவினேன். அந்த அளவுக்கு அது உண்மை.

— எதுக்குடா?

— போட்டோ கைக்கு வர்றதுக்குள்ள முகம் அதை எட்டிப் பிடிச்சிடும்னு நினைச்சேன். போட்டோவுல ஒரு முகம், நேர்ல ஒரு முகம்னா மாட்டிக்குவேன்ல. அடுத்த வாரம்தான் வரும்னாங்க. கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சா முடிஞ்சிடும்னு ஒரு கணக்கு.

— …

— சொல்லு. பக்கத்து வீட்டுச் சுவரே மேல்னு சொல்லு.

— என் முகம் எப்பவும் இப்படித்தான் இருந்துச்சுன்னு நினைச்சியா?

— பிறக்கும்போதே மைதானம்னு நினைச்சேன்.

— பழைய ஸ்கூல்ல என் பேர் என்ன தெரியுமா? ஜல்லி.

— ஜல்லியா?

— ரோட்டுக்குக் கொட்டுவாங்களே, அது. நானும் கண்டதைப் பூசினேன். பருவைக் கிள்ளி, பிதுக்கி, காலையில தலையணை உறை கன்னத்தோட ஒட்டிக்கிட்டு வரும். அம்மா மெதுவா தண்ணி வச்சு எடுத்து விடுவாங்க. அப்புறம்தான் தோல் டாக்டர்கிட்ட போனோம். அவர் என்னைப் பார்த்த உடனே மருந்து எழுதலை. நீ பண்றதையெல்லாம் முதல்ல நிறுத்துன்னாரு. இந்த ஸ்கூலுக்கு வந்தப்ப முகம் ஓரளவு ஆறியிருந்துச்சு. முதல் நாளே நீ சுண்ணாம்புன்னு கூப்பிட்ட.

— நீ ஏன் என்னை அடிக்கலை?

— ஜல்லிக்குச் சுண்ணாம்பு எவ்வளவோ மேல்னு இருந்துட்டேன்.

— அப்படிச் சொல்லாதடா.

— ஏன் வச்ச? நிஜமா கேட்கிறேன். நான் உனக்கு என்ன பண்ணேன்?

— ஒண்ணும் பண்ணலை. என் பக்கத்துல வந்து உட்கார்ந்த. உன் முகமும் என் முகமும் பக்கத்துப் பக்கத்துல. இனிமே எல்லாரும் ரெண்டையும் சேர்த்துத்தானே பார்ப்பாங்கன்னு தோணிச்சு. யாராவது என் முகத்தைப் பத்தி வாயைத் திறக்கிறதுக்குள்ள உன் முகத்தைப் பத்திப் பேச வச்சிடணும். அவ்வளவுதான். தண்ணி, குகை, ஆதிமனிதன் எல்லாம் அதுக்கப்புறம் சேர்த்ததுதான்.

— ம்.

— மன்னிப்புக் கேட்டா கேவலமா இருக்கும். கேட்காம இருந்தா அதைவிடக் கேவலமா இருக்கு.

— கேட்டதாவே வச்சுக்கிறேன். உங்கப்பாகிட்ட என்ன சொல்லப் போற?

— நாளைக்குச் சொல்றேன். இன்னைக்கு அவரே நொந்துபோய் வருவாரு.

— அவர் ஹெட்மாஸ்டர் முன்னாடி நின்னதும் இன்னைக்குதான்.

— …சரி.

— குழாய் எங்க இருக்கு?

— அந்தத் திரைக்குப் பின்னாடி, மேக்கப் கண்ணாடிக்குக் கீழ. எதுக்கு?

— வா. கண்ணாடியைப் பார்க்க வேண்டாம், குனிஞ்சுக்கோ. இந்த டூத்பேஸ்ட் இன்னும் காதோரத்துல காய்ஞ்சு கிடக்கு. இதையாவது எடுக்கணும்.

— ஃபேஸ்வாஷ், க்ரீம் எல்லாம் பையிலேயே வச்சிருக்கியா?

— விளையாடிட்டு வேர்வையோட இருந்தா கழுவணும். அப்பல்லாம் நீ ஜன்னல்ல நின்னு என்னைப் பத்தி மேடைப் பேச்சு பேசிட்டிருப்ப. குனி.

— ஸ்… எரியுதுடா. என்ன போட்ட?

— இன்னும் எதுவும் போடலை. வெறும் தண்ணி.

— தண்ணியே எரியுதா?

— கையை நீட்டு. இவ்வளவு போதும். பட்டாணி அளவு. முதல்ல கையில நுரை வரட்டும், அப்புறம் முகத்துக்கு. விரல் நுனியால. அழுத்தாத. கோவம் இருந்தா நார்கிட்ட காட்டு.

— இப்படியா?

— ம். கண்ணை மூடிக்கோ. தினமும் காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. நுரை போதாதுன்னு நாலு தடவை கழுவாத. ஆறுற வரைக்கும் வேற எதையும் பூசாத. கழுவினதும் இந்த க்ரீம் மட்டும்.

— எண்ணெய் வழியிற மூஞ்சிக்குக் க்ரீமா?

— நானும் டாக்டர்கிட்ட அதையேதான் கேட்டேன். காய விட்டா எரிச்சல் இன்னும் ஏறும்னாரு. இது எண்ணெய் இல்லாதது, வாசனையும் கிடையாது. ஆறினதும் நீயும் ஒரு டாக்டர்கிட்ட காட்டு. நான் ராத்திரி போடுற மருந்தைக் கேட்காத, அது என் முகத்தைப் பார்த்து எழுதினது. பகல்ல வெளியில போறதுக்கு முன்னாடி சுண்ணாம்பு.

— சன்ஸ்கிரீன்னு சொல்லுடா.

— …ம். சன்ஸ்கிரீன்.

— எவ்வளவு நாள்ல போகும்?

— எரிச்சல் சீக்கிரம் அடங்கும். பரு மெதுவாத்தான். மாசக் கணக்கா ஆகும். நடுவுல ரெண்டு தடவை இதெல்லாம் வேலைக்கே ஆகாதுன்னு தோணும். அப்ப எனக்கு போன் பண்ணு, நார் பக்கம் போகாத. இரு, வாசல்ல யாரோ.

— யாரு?

— உங்கப்பா. செருப்பை விடுறாரு.

— ஐயோ. கண்ணைத் திறக்க முடியலை. நுரை.

— நல்லதுதான். திறக்காமலே சொல்லிடு. நான் கிளம்புறேன் அங்கிள்.

— ஏன் தம்பி, நான் வர்ற நேரத்துல ஓடுற? திரையில இருக்கிறது உன் கன்னமா? நல்லா விழுந்திருக்கு. பக்கத்துல எதுக்குப் பூதக்கண்ணாடி? ஓ. க்ரூப் போட்டோவும் இருக்கா. சரி. போயிட்டு வா தம்பி. ஷட்டரைப் பாதி இறக்கிட்டேன், தலையில இடிக்கும், பார்த்து.

— அப்பா.

— என்னப்பா பெரிய மனுஷா. குழாய்க்குள்ள தலையை விட்டுட்டு என்ன தேடுற?

— அது உங்க கண்ணு இல்லப்பா.

— எது?

— ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னீங்களே. உங்க கை தவறலை. நான்தான் பண்ணேன். நீங்க டீ குடிக்கப் போயிருந்தப்ப.

— வாய்க்குள்ள நுரை போகுது. நிதானமாப் பேசு.

— நாளைக்கு நானே வந்து ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்றேன். கிளாஸ்லயும் சொல்றேன். அவர் வேற ஆளைப் பார்க்க வேண்டாம்பா. ஒரிஜினலும் இல்ல. அதையும் நான்தான் அழிச்சுட்டேன்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— பண்ணது நீதான்னு பிரிண்ட் போட உட்கார்ந்த அன்னைக்கே தெரியும். ஒரிஜினல் போனதுதான் தெரியாது. நாளெல்லாம் மூஞ்சியைப் பார்த்துப் பொழைக்கிறவன் நான். என் பிள்ளை மூஞ்சி எனக்குத் தெரியாமப் போயிடுமா?

— தெரிஞ்சே ஏன் பிரிண்ட் போட்டீங்க?

— பரு போனதைப் பார்த்தேன். மச்சம் வந்ததைப் பார்க்கலை. அந்த மட்டுக்கும் என் கண்ணுதான் தப்பு பண்ணியிருக்கு. அங்க நான் பொய் சொல்லலை.

— அப்பா…

— ஊர்ல இருக்கிற அத்தனை பேர் பிள்ளையும் இந்தச் சுவத்துல சிரிச்சிட்டு நிக்குது. நீ பல் விழுந்த வயசோட நிக்கிற. கேமராவைக் கையில எடுத்தாலே உள்ள ஓடிடுற. சரி, இவனுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு படமாவது வீட்டுக்கு வரட்டுமேன்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது. பக்கத்துல நின்ன பையனை நினைக்கலை. அந்தத் தம்பி முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இப்ப எனக்குக் கூசுச்சு.

— மறுபடி எடுக்கும்போது நான் வந்து நிக்கிறேன்பா.

— இந்த மூஞ்சியோடவா? திரும்பு, பார்க்கலாம். …என்னடா இது.

— இதுதானே இருக்கு.

— சரி. நிமிரு. கண்ணைத் திறக்காத, துண்டு இருக்கு, நானே துடைச்சு விடுறேன்.

— தேய்க்காதீங்கப்பா. ஒத்தி எடுக்கணும்.